மாமியார் தரும் வாழைப்பழமும் டைகரின் எடையும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வயது பொமரேனியன் இருக்கிறது. பெயர் டைகர். என் மாமியாருக்கு அவன்தான் உலகம். மாலையில் அவர் வாழைப்பழம் உரித்தால் அவனுக்கும் இரண்டு உரிப்பார். மாம்பழக் காலத்தில் கொட்டையைச் சப்பக் கொடுத்துவிடுவார். "பிஸ்கட்டைவிடப் பழம் நல்லதுதானே, மரத்தில் காய்ப்பதுதானே" என்பது அவர் வாதம். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில், பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடந்த பன்னீர் திராட்சையை டைகர் ஒரு கை அளவு தின்றுவிட்டான். நாய்க்குத் திராட்சை விஷம் என்று எங்கோ படித்திருந்ததால் எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "தோட்டத்து நாய்கள் காலங்காலமாகத் தின்கின்றன, எது செத்தது?" என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பழம் தரலாம், எவ்வளவு தரலாம்? போன வருடம் தடுப்பூசி போட்டபோது 8 கிலோ இருந்தான். இந்த வருடம் 11. நன்றாகத் தேறியிருக்கிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாமியார் மாடியில் புளி, வற்றல் காயவைத்தால்கூட அவன் பக்கத்திலேயே படுத்திருப்பான். இருவரையும் பிரிக்க முடியாது.
— ஒரு வாசகி, கம்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். திராட்சையால் சிறுநீரகம் பழுதாகும் நாய் பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் வாந்தி எடுக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் சோர்ந்து, சோற்றைத் திரும்பியும் பார்க்காமல் சுருண்டு படுத்துவிடும். மூன்று வாரம் கழித்தும் டைகர் மாலை ஆனால் வாழைப்பழத்துக்கு வாலாட்டுகிறான் என்றால் அந்தக் கண்டம் கடந்துவிட்டது. மனத்திருப்திக்கு வேண்டுமானால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு அது. அதற்கென்று நாளைக்கே ஓட வேண்டாம்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. நல்ல கேள்வி அது. இதே கேள்வியைக் கால்நடை மருத்துவர்களும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற சந்தேகமே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மருத்துவ ஏடுகளில் எழுந்தது. ஒரு நாய் முழுக் கொத்தைத் தின்றுவிட்டுச் சும்மா திரியும். இன்னொன்று ஒரு பிடி தின்றதோடு சிறுநீர் நின்று படுத்துவிடும். பூஞ்சையா, பூச்சிமருந்தா என்று தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் பொருந்தவில்லை. 2021-இல்தான் ஒரு நல்ல துப்புக் கிடைத்தது. அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு ஆலோசனை மையம் ஒன்றில் பணிபுரியும் மருத்துவர்கள், வீட்டில் குழந்தைகள் விளையாடப் பிசைந்து வைத்திருந்த மாவைத் தின்ற ஒரு நாயைப் பற்றிக் கவனித்தார்கள். அதற்கும் திராட்சை தின்ற நாய்க்கு வருவதைப் போலவே வாந்தியும் சிறுநீரகப் பழுதும் வந்திருந்தன. மாவில் சேர்த்திருந்தது 'கிரீம் ஆஃப் டார்டார்' என்ற பொடி. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அதே அமிலம்தான் திராட்சையிலும் நிறைய இருக்கிறது. நம் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடுகிறது, நாயின் சிறுநீரகச் செல்களில் அது தேங்கிவிடுகிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த அமிலம் எல்லாத் திராட்சையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ரகத்துக்கு ரகம் மாறும், பழுக்கப் பழுக்க மாறும், மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப மாறும். உங்கள் பந்தலிலேயே இந்தக் கொத்தில் இருப்பது அந்தக் கொத்தில் இருக்காது. அதனால்தான் "இத்தனை பழம் வரை பரவாயில்லை" என்று என்னால் ஓர் எண் சொல்ல முடியவில்லை. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பழம். நாய்க்கு மட்டும் அதில் ஒன்றுகூட வேண்டாம்.

"எது செத்தது?" என்கிறாரே, அதற்கும் பதில் இருக்கிறது. தோட்டத்து நாய் ஒன்று நான்கு நாள் கிணற்றடியில் சுருண்டு கிடந்து செத்தால் நாம் என்ன சொல்வோம்? "பாம்பு தீண்டியிருக்கும்" என்போம். "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்போம். "மருந்தடித்த இடத்தில் தண்ணீர் குடித்திருக்கும்" என்போம். குழி தோண்டிப் புதைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அதன் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தது யார்? பிழைத்த நாய்கள் கண்முன் திரிகின்றன, அவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறோம். மருந்தடித்த இடம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. திராட்சைப் பந்தலுக்கு எத்தனை முறை மருந்தடிக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காரணத்துக்காகவே டைகரைப் பந்தலுக்கு அடியில் அவிழ்த்துவிடாதீர்கள்.

உலராத திராட்சையைவிட நான் அதிகம் அஞ்சுவது கிஸ்மிஸுக்கு. தண்ணீர் வற்றிச் சுருங்கிய பழம் என்பதால் ஒரு பிடி கிஸ்மிஸுக்குள் பல பிடி திராட்சை அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், கேக், கோயில் பிரசாதம். விசேஷ நாளில் மிஞ்சிய பாயசத்தை நாயின் தட்டில் கவிழ்ப்பது நம் வழக்கம். வேக வைத்தாலும் நெய்யில் வறுத்தாலும் அந்த அமிலம் போய்விடாது.

மறுபடியும் ஒரு முறை இப்படித் தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். எத்தனை மணிக்குத் தின்றான், ஏறக்குறைய எவ்வளவு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அவரிடம் போய்ச் சேர்ந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து வயிற்றைக் காலி செய்துவிடலாம். பிறகு குறைந்தது இரண்டு நாள் குளுக்கோஸ் பாட்டில் போலத் தெரியும் உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ரத்தத்தில் கிரியாட்டினினையும் யூரியாவையும் மூன்று நாள் வரை பார்ப்பார்கள். இதற்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது, முந்திக்கொள்வதுதான் மருந்து. உங்கள் தேனி மாவட்டத்திலேயே இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண்ணோடு அதன் எண்ணையும் வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். உப்பைக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் அதுதான். எட்டுப் பத்துக் கிலோ நாய்க்கு நான்கைந்து கரண்டி உப்பு போய், வாந்தியும் வராமல் நின்றுவிட்டால், ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வந்துவிடும். திராட்சையில் தப்பித்த நாய் உப்பில் போய்விடும்.

சரி, தரக்கூடிய பழங்களுக்கு வருகிறேன். உங்கள் மாமியாருக்குச் சந்தோஷம் தரும் செய்தி இது: நாய்க்கு இனிப்பு தெரியும். பூனைக்குத் தெரியாது, இனிப்பை உணரும் ஏற்பாடே அதன் நாக்கில் இல்லை. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழ வந்த காலத்தில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை அதிகமாகச் சுரக்கவும் நாய் பழகிவிட்டது. நம் காட்டு நரிகளே இலந்தைப் பழத்தைத் தேடித் தின்பவைதான். ஆகவே டைகர் வாழைப்பழம் கேட்பது வினோதப் பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அது அவனுக்குத் தேவையா என்றால் தேவையில்லை. நமக்கு வைட்டமின் சி பழத்திலிருந்து வந்தாக வேண்டும். நாயின் கல்லீரல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பழம் அவனுக்கு உணவில் சேராது, கொஞ்சல் கணக்கில்தான் சேரும்.

தர்பூசணி, பப்பாளி, ஆப்பிள் மூன்றும் என் பட்டியலில் முதலில் நிற்கும். மூன்றிலும் தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் தாருங்கள். கோடையில் தர்பூசணியைப் போல் நல்லது இல்லை, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆப்பிள் விதையில் சயனைடு வரும் என்பது உண்மை. இரண்டு விதை உள்ளே போனால் ஒன்றும் ஆகாது, அதற்காக நடுத்தண்டை அப்படியே அவன் முன் வீச வேண்டாம், தொண்டையில் அடைக்கும். வாழைப்பழம் தரலாம், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். கொய்யா நன்றாகக் கனிந்ததாக, சிறு துண்டாக இருக்கட்டும். நாம் தொட்டுத் தின்னும் உப்பும் மிளகாய்ப் பொடியும் அவன் துண்டில் படக்கூடாது. சப்போட்டாவில் கொக்கி போன்ற அந்தக் கறுப்பு விதையை எடுத்துவிட்டால் போதும். ஆனால் அது சர்க்கரை மூட்டை, எப்போதாவது ஒரு துண்டுதான். ஆரஞ்சு, எலுமிச்சையை நாயே முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போகும், நாம் வற்புறுத்த வேண்டாம். பலாச்சுளையை நான் யாருக்கும் சொல்வதில்லை. வயிறு உப்பிக்கொண்டு இரவெல்லாம் நாயும் தூங்காது, வீட்டாரும் தூங்க முடியாது. மலையிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டையும் விட்டுவிடுங்கள், கொழுப்பும் அதிகம், கொட்டையும் பெரிது.

சீத்தாப்பழத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சதையில் பெரிய கெடுதல் இல்லை, விதைதான் ஆபத்து. அந்த விதையைப் பொடித்துப் பேனுக்குத் தலையில் தேய்ப்பார்கள் என்பதும், அது கண்ணில் பட்டால் கண் புண்ணாகிவிடும் என்பதும் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சுளைக்கு ஒரு விதை என்று பழம் முழுக்க இருக்கிறது. எடுத்து எடுத்து ஊட்டுவதற்குக் கொடுக்காமலே இருந்துவிடலாம்.

இப்போது மாங்கொட்டை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் திராட்சையைவிட அதிகமாக என் மேசைக்கு வருவது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாப்ரடாரைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாக வாந்தி, குடித்த தண்ணீரும் தங்கவில்லை. "வெயில் காலம், சூடு பிடித்துவிட்டது" என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பைப் போலப் பளிச்சென்று ஒன்றும் தெரியவில்லை. பழக்கொட்டை அப்படித் தெரியாது, அதற்கு முன்னால் காற்று தேங்கிக் குடல் உப்பியிருப்பதைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். வயிற்றைத் திறந்தால் சிறுகுடலின் ஒரு முழம் நாவல்பழ நிறத்தில் கிடந்தது. அதற்குள் விரலால் தடவினால் கடினமாக, தட்டையாக ஒன்று. வெளியே எடுத்தபோது கொட்டையின் நார் தேங்காய் நாரைப் போலக் குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது போன வாரம் சாப்பிட்ட மாம்பழமாயிற்றே" என்றார். ஆமாம், வயிற்றில் சில நாள் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு கீழே இறங்கிக் குடலில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பலருக்கு மாங்கொட்டை நினைவுக்கே வருவதில்லை.

அது 30 கிலோ நாய். உங்கள் டைகரின் குடல் என் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. "அவன் விழுங்க மாட்டான், சப்பிவிட்டுப் போட்டுவிடுவான்" என்று மாமியார் சொல்வார். இத்தனை நாளும் அப்படித்தான் போட்டிருப்பான். தெருநாய் ஒன்று வாசலில் எட்டிப் பார்க்கும் ஒரு நாள், பறிபோய்விடுமோ என்று அவசரமாக உடைத்து விழுங்குவான். மாம்பழச் சதையைத் தோல் சீவி இரண்டு துண்டு தாருங்கள், கொட்டை நேராகக் குப்பைக்கூடைக்குப் போகட்டும். கூடைக்கு மூடியும் இருக்கட்டும். நாவல், பேரீச்சை, பிளம்ஸ் கொட்டைக்கும் இதே சட்டம்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி திராட்சையைப் பற்றியது கிடையாது. 8 கிலோ 11 ஆகியிருக்கிறது என்கிறீர்களே, அந்த வரிதான். 60 கிலோ இருக்கும் ஒருவர் ஒரே வருடத்தில் 82 கிலோ ஆனால் "நன்றாகத் தேறியிருக்கிறார்" என்போமா? நம் ஊரில் நாம் பொமரேனியன் என்று அழைக்கும் இந்த நாய்க்குப் புசுபுசுவென்ற மயிர் இருப்பதால் கொழுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மயிரை விலக்கி விலா எலும்பின்மேல் விரலை லேசாக ஓட்டுங்கள். ஒவ்வோர் எலும்பாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் அவன் தேறவில்லை, பருத்திருக்கிறான். முழங்காலும் இதயமும் மூச்சுக்குழாயும் இந்த இனத்தில் ஏற்கெனவே இளைத்தவை. பருமன் மூன்றையும் படுத்தும்.

கணக்குப் பார்ப்போம். 8 கிலோ இருக்க வேண்டிய, வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 கலோரி போதும். சோறு, கறி தவிர்த்த கொசுறு எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு. அதாவது 45 கலோரி. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 90 வரை இருக்கும். மாமியார் அன்பாக உரித்துத் தரும் இரண்டு பழத்தில் 180. அவனுடைய ஒரு நாள் சாப்பாட்டில் கிட்டத்தட்ட பாதிக்கு வருகிறது, அதன் பிறகு அவன் தட்டுச் சோற்றையும் முழுதாகச் சாப்பிடுகிறான். "பிஸ்கட்டைவிட நல்லதுதானே" என்கிறார். மாரி பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரிதான். இரண்டு வாழைப்பழம் கொடுத்தவர் ஏழு பிஸ்கட் கொடுத்தவருக்குச் சமம். மரத்தில் காய்த்தது என்பதால் கலோரி குறைந்துவிடாது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் சிக்கல் என்று புரிகிறது. "டாக்டர் கொடுக்கக்கூடாது என்றுவிட்டார்" என்று போய் நிற்காதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கொடுப்பார், அவ்வளவுதான். வயதானவருக்கு அந்த மாலை நேரம் முக்கியம், நாய்க்கும் முக்கியம். அதனால் கொடுக்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டு, அளவை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கால்பங்கு வாழைப்பழமும் இரண்டு வாய் பப்பாளியும் எடுத்து, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி மூடி வைத்துவிடுங்கள். இருபது துண்டாவது தேறும். அன்றைக்கு முழுவதும் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். கிண்ணம் காலியானால் கடை மூடியாயிற்று. நாய் எத்தனை முறை கை நீண்டது என்பதைத்தான் பார்க்கும், துண்டு எவ்வளவு பெரிது என்று எடை போடாது. இரண்டு முழுப் பழம் கொடுத்தபோது இரண்டு முறை வாலாட்டியவன் இப்போது இருபது முறை ஆட்டுவான். மாமியாருக்கும் லாபம்தான்.

புதிதாக ஒரு பழம் தருவதாக இருந்தால் முதல் நாள் நகக்கண் அளவு கொடுத்துவிட்டு மறுநாள் மலத்தைப் பாருங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது எந்தப் பழமும் வேண்டாம். பழத்துண்டு தரலாம் என்றேனே தவிர பழ ஜூஸ், ஜாம், கஸ்டர்ட் ஊற்றிய பழக்கலவை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்து, சர்க்கரை இல்லாத மிட்டாயோ சூயிங்கமோ வாங்குகிறீர்கள் என்றால் அட்டையில் 'சைலிட்டால்' என்று இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும்.

எடையைப் பொறுத்தவரை மாதத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும், அதற்குமேல் அவசரம் வேண்டாம். 8 கிலோவுக்கு வர ஆறு மாதம் ஆகும். வீட்டு எடை இயந்திரத்தில் நீங்கள் தனியாக ஒரு முறை, அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாகியும் முள் அசையவில்லை என்றால் தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், கிண்ணத்துக்கு வெளியே ஏதாவது போகிறதா என்று ஒரு நாள் மாலை சத்தமில்லாமல் எட்டிப் பாருங்கள்.

முடிக்கும்போதுதான் உங்கள் கடிதத்தில் புளி என்ற சொல் கண்ணில் பட்டது. மேலே சொன்ன டார்டாரிக் அமிலம் திராட்சையைவிடப் புளியில் பல மடங்கு அதிகம். நாக்கு கூசுகிறதே, அது இந்த அமிலம்தான். கிரீம் ஆஃப் டார்டாரைப் போலவே புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை அந்த அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தட்டில் ஒட்டிய ரசச் சோற்றுக்காகப் பதற வேண்டாம், நான் சொல்வது உருண்டைப் புளியை. மாசி, பங்குனியில் மாமியார் கோது உடைத்து மாடியில் புளி பரப்பும் நாட்களில் மட்டும் டைகரைக் கீழேயே கட்டிவையுங்கள். வற்றல் காயவைக்கும் நாளில் வழக்கம்போல் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும்.